ஸ்டியரிங் பிடித்தவர்கள் – 9: கேஸ் யார் மேலே எழுதுவாங்க?

எலெக்ட்ரிக் டாக்சி ஓட்டுகிறவரிடம் வண்டி எப்படி என்று கேட்டால் எரிபொருள் செலவைப் பற்றியோ புகையைப் பற்றியோ சொல்வார் என்றுதான் எதிர்பார்ப்போம். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு வெளியே என்னிடம் பேசிய ஓட்டுநர் தன் இடது முழங்காலைப் பற்றிச் சொன்னார்.

"கிண்டியிலேர்ந்து சென்ட்ரல் போறதுக்குள்ள எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கணும் தெரியுமா சார்? பதினஞ்சு வருஷம் டீசல் வண்டி ஓட்டினேன். ராத்திரி வீட்டுக்குப் போய்த் தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. என் சம்சாரம் தைலம் தேய்ச்சு விடும். இந்த வண்டிக்கு வந்து ஒரு வருஷம் ஆகுது. இப்போ தைலம் வாங்கறதே இல்ல."

மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைக் கொடுத்துவிடும். பெட்ரோல், டீசல் இன்ஜின் அப்படியல்ல. ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் அதற்கு வலு வரும். அதனால்தான் கியர், கியர் மாற்றக் கிளட்ச். எலெக்ட்ரிக் காரில் இரண்டுமே இல்லை. விளம்பரங்கள் இதை, எத்தனை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்று சொல்கின்றன. நாளெல்லாம் நெரிசலில் ஓட்டுகிறவருக்கு அந்த வேகத்தால் ஒரு பயனும் இல்லை. கால் வலி நின்றதுதான் பயன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி பிடிக்கிறது என்றும் அவர் சொன்னார். அப்படிப் பிடிக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். அந்தப் பிடிப்பு பழகும்வரை பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். பழகிவிட்டால் பிரேக் தேய்மானம் குறையும்.

சென்ற வாரம் வரை லாரி ஓட்டுநர்களுடன் பயணம் செய்தோம். இந்த வாரம் நகரத்துக்குள் வருவோம். எலெக்ட்ரிக் வண்டியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், டிரைவரே இல்லாமல் ஓடும் காரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கால் டாக்சி, ஆட்டோ, ஆக்டிங் டிரைவர்கள் என்று அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவர்களிடம் கேட்டேன்.

ஓட்டுநர்கள் புதுசைக் கண்டால் பயப்படுவார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேப் பார்த்து ஓட்டவும், ஆப்பில் சவாரி எடுக்கவும், க்யூ.ஆர். அட்டையைக் காட்டிக் காசு வாங்கவும் இவர்கள் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். புது வண்டியைப் பார்த்ததும் இவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நஷ்டம் வந்தால் யார் தலையில் விழும்? இரண்டு கேள்விகளுக்கும் கிடைத்த பதில்கள் எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நின்றன.

கிளாம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 30-இல் முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் கோயம்பேடு வரை போகாமல் இங்கேயே இறங்குகிறார்கள். விடியற்காலையில் பேருந்துகள் அடுத்தடுத்து வந்து சேரும். பெட்டி படுக்கை, குழந்தைகளோடு இறங்கும் குடும்பங்களுக்கு வடசென்னையோ அம்பத்தூரோ நீண்ட தூரம். டாக்சிக்காரருக்கு அன்றைய நாளின் நல்ல வருமானம் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் பேட்டரி காலியாக இருந்தால் அன்றைய பிழைப்பே போயிற்று.

ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் எண்பது சதவீதம் ஏறும் என்று பல கார் நிறுவனங்கள் சொல்கின்றன. எண்பதுக்கு மேல் ஏறுவது மிக மெதுவாக. செல்கள் நிறைய நிறைய, அவை சூடாகிக் கெட்டுப்போகாமலிருக்க மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும்படிதான் வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் டேங்கை ஃபுல் செய்கிற பழைய பழக்கம் இங்கே நேரத்தைத் தின்றுவிடும். முன்னால் இரண்டு வண்டி நின்றால் காலை முழுக்க அங்கேதான். ஆப்பில் காலி என்று காட்டும். போய்ப் பார்த்தால் மிஷின் வேலை செய்யாது. போனதும் வந்ததும் வீண் கிலோமீட்டர்.

"ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள சார்ஜ் ஆயிடுமேன்னு சொல்றாங்க சார். அந்த ஒரு மணி நேரத்துல நான் அண்ணா நகர் ஒரு டிரிப் அடிச்சிருப்பேன். அந்தக் காசை யாரு குடுப்பா?"

வீட்டிலேயே ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே என்று சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் 88.9 சதவீதம் எலெக்ட்ரிக். அங்கே பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே சார்ஜ் போடுகிறார்கள். இங்கே டாக்சி ஓட்டுகிறவர் பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ ஹவுசிங் போர்டு பிளாட்டில் மாடியில் இருப்பார். இல்லையென்றால் வியாசர்பாடியில் பைக் மட்டுமே நுழையும் சந்துக்குள் இருப்பார். காரை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டு தூங்குவார். அவர் மீட்டருக்கும் காருக்கும் நடுவே நான்கு மாடி இருக்கிறது, ஒரு தெரு இருக்கிறது. "வீட்டு வாசல்ல வண்டி நிறுத்தறவங்களுக்குச் செஞ்ச வண்டி சார் இது" என்றார் பெரும்பாக்கத்துக்காரர் ஒருவர்.

இதனால் பணத்திலும் இடிக்கிறது. ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம். வெளியே சார்ஜரில் வரியோடு 20 ரூபாய் என்று வைத்தால் மூன்று ரூபாயை நெருங்கிவிடும். சி.என்.ஜி. கார் கிலோவுக்கு இருபத்தைந்து ஓடினால், கிலோ 90 ரூபாய்க் கணக்கில் மூன்றரை ரூபாய் சொச்சம். டீசலுக்கு ஐந்து ரூபாய் ஆகிறது. வாசலும் மீட்டரும் உள்ளவருக்கு எலெக்ட்ரிக் கார் அள்ளிக் கொடுக்கும் லாபம், அவை இல்லாதவருக்கு சி.என்.ஜி.யோடு ஒப்பிட்டால் அரை ரூபாய், முக்கால் ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. வண்டி வாங்கும்போது ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2019 ஆகஸ்டில் அதை 12-லிருந்து குறைத்தார்கள். பொதுச் சார்ஜரில் மாட்டும் சேவைக்கோ 18 சதவீதம். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் மலிவான மின்சாரம், எழுபதாயிரம் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கவில்லை. நகரத்தின் புகையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் யாருடைய வண்டி முதலில் மாற வேண்டும்?

அடுத்தது வாரண்டி. இதை எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் சென்ட்ரல் பக்கம் நிற்கும் ஒரு டாக்சிக்காரர். கையில் இருந்த டிரிப் ஷீட்டின் பின்பக்கத்திலேயே எழுதினார். பேட்டரிக்குப் பொதுவாகக் கொடுப்பது 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. சொந்தக் கார்க்காரர் வருஷத்துக்கு 12,000 ஓட்டினால் எட்டு வருஷத்தில் ஒரு லட்சத்தைக்கூடத் தொட மாட்டார். அவருக்கு அது எட்டு வருஷ வாரண்டிதான். டாக்சி நாளுக்கு 250 கிலோமீட்டர், வருஷத்தில் 300 நாள். 75,000. இரண்டு வருஷம் முடிந்து இரண்டாவது மாசத்திலேயே 1,60,000 தாண்டிவிடும். கடைசி வரியில் தன் கடன் காலத்தை எழுதி அடிக்கோடு போட்டார்: 60 மாசம்.

"டியூ பாதிகூட முடிஞ்சிருக்காது. வாரண்டி முடிஞ்சிரும். அதுக்கப்புறம் பேட்டரி போச்சுன்னா சேட்டு காத்திருப்பாரா?"

பேட்டரி இரண்டு வருஷத்தில் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நன்றாகப் பராமரித்த பேட்டரிகள் வாரண்டி தூரத்தைத் தாண்டி ஓடுகின்றன. ஆனால் வண்டியிலேயே விலை உயர்ந்த பாகம் அதுதான். புதுப்பேட்டையில் இன்ஜின் ஹெட் முதல் கதவுக் கைப்பிடி வரை எல்லாம் கிடைக்கும்; பத்தாயிரம் ரூபாயில் ஒப்பேற்றிக் கொடுக்கும் கைகள் அங்கே உண்டு. உயர் மின்னழுத்தப் பேட்டரியை அந்தக் கைகள் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டர் மட்டுமே கதி. வண்டி அங்கே பத்து நாள் நின்றால் பத்து நாள் சோறு இல்லை. இந்தக் கவலை ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏ.ஏ.ஏ. 2025-இல் எடுத்த கருத்துக்கணிப்பில், அடுத்த காராக எலெக்ட்ரிக் வாங்க வாய்ப்பிருக்கிறது என்று சொன்னவர்கள் 16 சதவீதம்தான். வேண்டாம் என்றவர்கள் அதிகமாகச் சொன்ன காரணம் பேட்டரியைச் சரிசெய்யும் செலவு.

ஆட்டோக்காரர்களிடம் போனால் பேச்சே மாறிவிடுகிறது. எலெக்ட்ரிக் ஆட்டோவின் பேட்டரி சின்னது. வீட்டில் சாதாரண 15 ஆம்ப்ஸ் பிளக்கில் மாட்டினால் காலைக்குள் நிறைந்துவிடும். பல சந்துகளில் வீட்டு வாசல் வரை வண்டி போகும். தமிழ்நாட்டில் ஆட்டோ மீட்டர் கட்டணத்தை அரசு கடைசியாகத் திருத்தியது 2013 ஆகஸ்டில்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதற்குப் பிறகு பெட்ரோல் எங்கே போயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். வருமானத்தை ஏற்ற அரசு உதவாதபோது செலவைக் குறைப்பதுதான் ஆட்டோக்காரருக்குக் கையில் இருக்கும் ஒரே வழி. அம்பத்தூரில் எலெக்ட்ரிக் ஆட்டோ ஓட்டும் ஒருவரிடம் குறை ஏதாவது உண்டா என்று கேட்டேன். சத்தமே இல்லாததால் ரோட்டைக் கடக்கிற கிழவிகள் திரும்பிப் பார்ப்பதில்லை, சும்மா சும்மா ஹாரன் அடிக்க வேண்டியிருக்கிறது என்றார். வேறு குறை சொல்லவில்லை.

சொந்த வண்டியே வேண்டாம், கம்பெனி வண்டியை ஓட்டிவிட்டுப் போகலாம் என்பவர்களும் உண்டு. கடன் இல்லை, பேட்டரி கவலை இல்லை, சார்ஜரும் கம்பெனியுடையது. 2019 முதல் டெல்லியிலும் பிறகு பெங்களூருவிலும் புளூஸ்மார்ட் நிறுவனம் அப்படித்தான் நடத்தியது. முழுக்க எலெக்ட்ரிக் கார்கள். சவாரியை ரத்து செய்ய மாட்டார்கள் என்று பயணிகளிடம் நல்ல பெயர். 2025 ஏப்ரலில் அதோடு தொடர்புடைய ஜென்சால் நிறுவனத்தின் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது. எலெக்ட்ரிக் கார் வாங்குவதற்கென்று எடுத்த கடன் பணம் வேறு வழிகளில் திருப்பப்பட்டதாக அந்த உத்தரவு கூறியது. ஓரிரு நாளில் ஆப்பில் புக்கிங் நின்றது. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் வேலை இழந்தார்கள். வண்டியும் சார்ஜரும் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. ஓட்டுநர் ஒரு தவறும் செய்யவில்லை. அந்தச் செய்தி இங்கே உள்ள டாக்சி ஸ்டாண்டுகளிலும் பேசப்பட்டது. சொந்தமாக வாங்கினால் கடன் கழுத்தை நெரிக்கிறது, கம்பெனியை நம்பினால் ஒரே ராத்திரியில் தெருவுக்கு வந்துவிடுகிறோம், நடுவில் வேறு வழி இல்லையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

மழையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மழைக்கால எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நிற்கும் ஊர் இது. தண்ணீரில் இறங்கினால் ஷாக் அடிக்குமா என்பது பொதுவான பயம். பேட்டரிப் பெட்டிகள் பெரும்பாலும் ஐ.பி.67 தரத்தில் வருகின்றன. அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகக் கூடாது. மின்கசிவை உணர்ந்தால் வண்டியே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் அரை மணி நேரத்திலா வடிந்தது? நாட்கணக்கில் நின்றது. இதைச் சொன்ன ஓட்டுநர் தானே தீர்வையும் சொன்னார்: "கணேசபுரம் சப்வே, துரைசாமி சப்வே எப்போ ரொம்பும்னு நமக்குத் தெரியும் சார். வானத்தைப் பார்த்தாலே அந்தப் பக்கம் போக மாட்டோம்."

அங்கிருந்து பேச்சு தானாக இரண்டாவது கேள்விக்குப் போயிற்று. டிரைவரே இல்லாத கார் வானத்தைப் பார்க்குமா?

இதில் சென்னையில் அனுபவத்தோடு பேசக்கூடியவர்கள் ஆக்டிங் டிரைவர்கள். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் வெளியூருக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது நாள் கூலிக்கு அழைக்கிறார்களே, அவர்கள். இன்று ஒரு பழைய ஸ்விஃப்ட், நாளை ஒரு புது எஸ்.யூ.வி. வண்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அப்படிப்பட்ட வண்டிகளையும் அவர்கள் விதவிதமாக ஓட்டிப் பார்த்திருப்பார்கள். 2021-இல் எம்.ஜி. ஆஸ்டர், மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700 போன்ற கார்களோடு ஏடாஸ் என்ற ஓட்டுநர் உதவி வசதி இங்கே பரவத் தொடங்கியது. முன்னால் போகும் வண்டியின் வேகத்துக்கு ஏற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், கோடு தாண்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பும், இடிக்கப் போனால் பிரேக் போடும்.

"ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலை அந்த லேன் கீப்பை ஆஃப் பண்றதுதான்" என்றார் மடிப்பாக்கத்தில் இருக்கும் ஆக்டிங் டிரைவர். "மவுன்ட் ரோட்டுல கோடு எங்க இருக்கு? பாதி அழிஞ்சிருக்கும், பாதி மெட்ரோ வேலையில போயிருக்கும். நான் பைக்காரனுக்கு வழிவிட ஒடிச்சா அது திருப்பி இழுக்குது. கையில யாரோ சண்டை போடற மாதிரி இருக்கும். இதுல ஓனர் பின்னாடி உட்கார்ந்துகிட்டு, 'அதான் அதுவே ஓடுதேப்பா, கையை எடு'ங்கறாரு."

அதே மனிதர் திருச்சி நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசும்போது குரலே மாறியது. ராத்திரி இரண்டு மணிக்கு, திண்டிவனம் தாண்டி, லைட் இல்லாமல் நின்ற டிராக்டரைத் தான் பார்ப்பதற்கு முன் வண்டி பார்த்தது என்றார். பிரேக்கை அதுவே அழுத்தியது. அந்த வசதி எல்லா வண்டியிலும், மலிவான வண்டியிலும் வர வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். மனிதர்கள் ஓட்டுவதில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எந்த ஓட்டுநரும் என்னிடம் வாதாடவில்லை. பதினான்கு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கண் சொருகுவதைப் பற்றி அவர்களே வெளிப்படையாகப் பேசினார்கள். "தூங்கினா எழுப்பிவிடற மிஷின் வந்தா நானே காசு போட்டு மாட்டிக்கறேன் சார்" என்றார் ஒருவர்.

இன்றைக்கு இங்கே விற்கும் ஏடாஸ் எல்லாம் அதிகபட்சம் இரண்டாம் நிலைதான். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பொறியாளர்கள் பிரித்திருக்கிறார்கள். இரண்டாம் நிலை வரை ஓட்டுபவர் மனிதர்தான். கண்ணும் கையும் அவர் பொறுப்பு. நான்காம் நிலையில், குறித்த எல்லைக்குள் கார் தானே ஓட்டும். அமெரிக்காவில் வேமோ நிறுவனத்தின் டாக்சிகள் அந்த வகை. பீனிக்ஸ் நகர்ப் பகுதியில் 2020 அக்டோபரில் டிரைவர் இல்லாமல் பொதுமக்களை ஏற்றத் தொடங்கினார்கள். 2025 ஏப்ரலில் வாரத்துக்கு இரண்டரை லட்சம் சவாரி என்ற அளவுக்கு வந்தது. இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. போனில் வீடியோ காட்டினேன். யாரும் இல்லாத சீட்டுக்கு முன் ஸ்டியரிங் தானே திரும்புவதை ஸ்டாண்டில் இருந்த நான்கைந்து பேர் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வயதில் மூத்தவர் கேட்டார்: "இது யாரையாவது அடிச்சிருச்சுன்னா கேஸ் யார் மேலே எழுதுவாங்க?"

இந்தக் கேள்விக்கு நடந்த கதையே பதில் சொல்கிறது. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. கார் தானே ஓடிக்கொண்டிருந்தது; கண்காணிக்க ஒரு பெண் ஊழியர் ஓட்டுநர் சீட்டில் இருந்தார். மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்பே கருவிகள் எதிரில் ஏதோ இருப்பதைக் கண்டுவிட்டன. வாகனம், வேறு ஏதோ, சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே இருந்தன. அந்த வோல்வோ காரில் தொழிற்சாலையிலேயே வந்த அவசர பிரேக், கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி துண்டிக்கப்பட்டிருந்தது. ஊழியர் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் தவறு, மறைக்க ஒன்றுமில்லை. அவருடைய கவனக்குறைவோடு நிறுவனத்தின் பாதுகாப்பு நடைமுறைகள் போதாமல் இருந்ததையும் அமெரிக்க விசாரணை அமைப்பு சுட்டிக்காட்டியது. குற்ற வழக்கு நிறுவனத்தின் மீது வரவில்லை. சீட்டில் இருந்தவர் மீது வந்தது. 2023 ஜூலையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார்.

இதைச் சுருக்கமாகச் சொன்னேன். மூத்தவர் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டு. அதன் இரண்டாவது உட்பிரிவு, தகவல் சொல்லாமல் தப்பிப் போனால் பத்து ஆண்டு வரை என்கிறது. அதை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரிகள் நின்றன. அந்த உட்பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. இந்தப் பிரிவின் எண் டாக்சி ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாதி கணினியும் பாதி மனிதரும் ஓட்டும் வண்டியில் கணினி செய்கிற பிழைக்கு மனிதர் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதை எந்தப் பொறியியல் அறிக்கையும் படிக்காமலே அவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். முழுக்க டிரைவர் இல்லாத காரை விடவும் இந்த அரைகுறை நிலைதான் அவர்களுக்கு அதிகம் கவலை தருகிறது. நானும் அவர்கள் பக்கம்தான்.

வேலை போகும் பயம் இல்லையா என்றால், இருக்கிறது. டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவுக்குள் விட மாட்டேன், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-இலும் 2023 டிசம்பரிலும் சொல்லியிருக்கிறார். மூத்தவர்களுக்கு அது ஆறுதல். இளைஞர்கள் நம்பவில்லை. சீனாவின் வூஹான் நகரில் பைடு நிறுவனத்தின் டிரைவர் இல்லாத டாக்சிகள் நூற்றுக்கணக்கில் ஓடத் தொடங்கியதும், 2024-இல் அங்கே டாக்சிக்காரர்கள் பிழைப்பு போகிறது என்று முறையிட்டார்கள். பெருங்குடியில் பார்த்த பையன் ஒருவன் அந்தச் செய்தியை யூடியூபில் பார்த்திருந்தான். "நம்ம ஊருல வராதுன்னு ஆப் டாக்சி வந்தப்பவும்தான் சொன்னாங்க அண்ணே" என்றான்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடப் போகின்றன. தண்டவாளத்தில் மாடு வராது, ராங் சைடில் பைக் வராது. அங்கே அது நடக்கும். சாலை வேறு. 2025 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பெரிய மின்தடை வந்து சிக்னல்கள் அணைந்தபோது வேமோ கார்கள் பல சந்திப்புகளில் அப்படியே நின்று வழியை அடைத்தன. நிறுவனம் சேவையை நிறுத்தி வைத்தது. சிக்னல் அணைந்தால் நம் ஊரில் யாராவது ஒரு ஆட்டோக்காரர் இறங்கி நின்று கையைக் காட்டுவார். எழும்பூர் தாய் சேய் மருத்துவமனைக்கு வலியோடு வரும் பெண்ணைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைப்பவரும் பல நேரம் ஓட்டுநர்தான். கட்டணத்தில் இதற்கென்று ஒரு பைசா கிடையாது.

இதைப் படித்துவிட்டு ஓட்டுநர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரவு வேலை முடிந்து சோழிங்கநல்லூரிலிருந்து டாக்சியில் வீடு திரும்பும் ஒரு பெண்ணிடமும் இதே கேள்வியைக் கேட்டேன். டிரைவர் இல்லாத கார் வந்தால் முதல் ஆளாக ஏறுவேன் என்றார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருகிற கண்கள் இருக்காது, அடுத்த நாள் "நேத்து ட்ராப் பண்ணேனே" என்று போன் வராது என்றார். ஸ்டாண்டில் இதைச் சொன்னபோது ஒருவர் கோபப்பட்டார். இன்னொருவர் அவரைத் தடுத்து, "அந்தப் பொண்ணு சொல்றது உண்மைதான்டா, நம்மள்ல சில பேர் அப்படித்தான் இருக்கான்" என்றார். வேலைக்கு ஆபத்து கணினியிடமிருந்து மட்டும் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது.

செய்ய வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. டாக்சியாகப் பதிவான வண்டிக்கு, அதன் கடன் காலம் முடியும்வரையாவது பேட்டரி வாரண்டி வேண்டும். சார்ஜ் போடும் சேவைக்கு 18 சதவீத வரி வேண்டாம். கிளாம்பாக்கத்திலும் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளின் வாசலிலும், ராத்திரியில் வீட்டுக் கட்டணத்துக்கே டாக்சிகள் சார்ஜ் போட்டுக்கொள்ள இடம் வேண்டும். பாதி தானாக ஓடும் வண்டி விபத்தில் சிக்கினால், அந்த நொடியில் ஓட்டியது கணினியா மனிதரா என்ற பதிவை நிறுவனம் போலீசிடமும் ஓட்டுநரிடமும் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டவரிடம் இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். கடைசியாகச் சொன்னதை முதலில் எழுதுங்கள் என்றார்.

அடுத்த வாரம்: ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்கள்.

(தொடரும்)